பெயர் வெட்டாத அண்டா

எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் அம்மனைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் ஆட்களைப் பார்த்துவிட வேண்டும். முதல் படி, உபயம் மாயாண்டி கங்காணி. இரண்டாம் படி, உபயம் மாயாண்டி கங்காணி குடும்பத்தார். மணி ஒருவர் உபயம், மணி தொங்கும் சங்கிலி இன்னொருவர் உபயம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் கண்ணாடியில் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டதால் வெளிச்சம் பாதிதான் வெளியே வரும். குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு, கரண்டி எல்லாவற்றிலும் ஆணியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். விளக்குமாற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதுவும் எழுத இடம் இல்லாத காரணத்தால்தான்.

சுவாவிலிருந்தும் புக்கிட் பெலண்டோக்கிலிருந்தும் திருவிழாவுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, மரம் வெட்டி, பால் சுமந்து, வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த ஆள் தன் பெயரை ஒரு கரண்டியில் பார்த்துப் பெருமைப்பட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? பெருமைப்பட வேறு என்ன கொடுத்திருந்தார்கள் எங்களுக்கு?

அந்தக் கோயிலில் விளக்குமாற்றைத் தவிர பெயர் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு பொருள். அது நான் வாங்கிக் கொடுத்த பித்தளை அண்டா.

அண்டாவை நேர்ந்துகொண்டது நான் இல்லை, எங்கள் வீட்டுக்காரர். ஒவ்வொரு திருவிழாவுக்கும் பக்கத்துத் தோட்டத்தில் போய் அண்டா இரவல் கேட்டு நிற்பது அவருக்குப் பிடிக்காது. "நம்ம ஆளுங்க சோறு நம்ம அண்டாவுலதான் வேவணும்" என்று அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சொன்னார். சொன்ன வாக்கை நிறைவேற்றும் முன்னால் நாற்பத்தெட்டில் காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டுவிட்டான். அவர் சங்கத்தில் முன்னால் நின்று பேசுகிறவர். கூலி குறைந்தாலும் கேட்பார், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பால் குறைந்தாலும் கேட்பார். கேட்கிற வாயைத்தான் முதலில் தேடி வந்தார்கள். முகாமில் போட்டு, பிறகு கப்பல் ஏற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் அரிசி மில்லில் வேலை செய்கிறார் என்று சேதி வந்தது. அவர் அங்கே அரிசி மூட்டைகளுக்கு நடுவில், நாங்கள் இங்கே அளந்து போடும் அரிசியில் என்று நானும் வள்ளியம்மாவும் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். வள்ளியம்மா எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிறவள், என் வாய்க்கு ஈடு கொடுக்கக்கூடிய ஒரே ஆள்.

என்னையும் கப்பல் ஏறச் சொன்னார்கள். நான் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில். நான் எதற்குப் போக வேண்டும்? வருவதானால் அவர் வரட்டும், வந்து நிற்கும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டாமா என்று சொல்லிவிட்டேன்.

அண்டாவை நான்தான் சிரம்பானில் பாத்திரக்கடையில் பார்த்து வாங்கினேன். அரை மூட்டை அரிசி ஒரே கொதியில் வேகும். கடைக்காரர் ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு "என்ன பேரு வெட்டணும்?" என்று கேட்டார். கோயில் சாமானுக்குத் தலைவர் சொல்கிறபடிதான் பெயர் வெட்ட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அதனால் வெட்டாமலே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கோயில் தலைவர் மாயாண்டி கங்காணி அண்டாவைத் தட்டிப் பார்த்தார், சத்தம் நன்றாக இருக்கிறது என்றார், பிறகு குரலை இறக்கினார்.

"ஏம்மா பஞ்சாலை, அண்டாவ வாங்கிக்கிறோம். பேர மட்டும் வுட்டுருவோம்."

"ஏன்? அவரு பேருல என்ன முள்ளா இருக்கு?"

"முள்ளு இல்லலா. முள்ளுக்கம்பி இருக்கு. சங்கத்துக்காரன் பேர கோயில்ல வெட்டி வெச்சிருக்கான்னு போலீஸ் துரை கேட்டா நான் என்னா சொல்றது? என்னையும் கப்பல் ஏத்திருவான்."

"அப்ப என் பேர வெட்டுங்க."

"பொம்பள பேர மட்டும் தனியா போட்டு வழக்கம் இல்லையேம்மா."

ஆக, அவர் பெயர் பயத்துக்கு ஆகாது, என் பெயர் வழக்கத்துக்கு ஆகாது. அண்டா மட்டும் ஆகும். அந்த வருடம் அதில் சோறு வெந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவர் பெயர் அந்த அண்டாவில் ஏறாமல் நான் சாவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறு வருடம்தான் டொனால்ட் வகுப்பு ஆரம்பித்தான். அவன் ஆபீசில் கணக்கு எழுதும் சின்ன கிராணி, சிரம்பானில் படித்த பையன், என்னைவிட வயதில் சிறியவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். பால் எடை போட்டு முடிந்த பிறகு கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தான். கூட்டம் கூடினாலே சந்தேகம் என்கிற காலம் அது. அதனால் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் படியில், அதாவது கங்காணி குடும்பத்தாரின் படியில், உட்கார்ந்திருப்பான்.

நான் எதற்காகப் போனேன் என்றால், எங்கள் வீட்டுக்காரரைக் கொண்டுபோன அன்று வெள்ளைக்கார அதிகாரி என் முகத்தைப் பார்த்து வெகுநேரம் பேசினான். பெரிய கிராணி அதைத் தமிழில் சொன்னார்: "கூட்டிட்டுப் போறாங்களாம்." அவ்வளவுதான். அவ்வளவு பேச்சும் எப்படி இரண்டு சொல்லாகச் சுருங்கும்? மிச்சத்தை யாரோ விழுங்கினார்கள். இனிமேல் எனக்குச் சொல்லப்படுகிறதை நானே கேட்டுக்கொள்வேன் என்று முடிவு செய்தேன். நான் கொஞ்சம் திமிர் பிடித்தவள்தான், ஊரே சொல்லும்.

மாயாண்டி கங்காணியும் வகுப்புக்கு வந்தார். தோட்டத்தில் எது நடந்தாலும் முன்வரிசையில் இருக்க வேண்டும் அவருக்கு. பூனை, நாய், வந்தேன், போனேன் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்று டொனால்ட் பலகையில் எழுதிய அன்றுதான் வண்டி சேற்றில் இறங்கியது.

"டைகர் கில்டு த கோட். புலி ஆட்டக் கொன்னுச்சு. இது ஆக்டிவ். செய்றவன் முன்னாடி வர்றான். இப்ப இதத் திருப்பணும். த கோட் வாஸ் கில்டு பை த டைகர். ஆடு புலியால் கொல்லப்பட்டது. இது பாஸிவ்."

"யாருப்பா இப்டி பேசுவான்?" என்றார் கங்காணி. "புலி ஆட்ட அடிச்சிருச்சும்போம். ஆடு புலியால் கொல்லப்பட்டதுன்னு சொல்லிட்டு நின்னா மிச்ச ஆட்டையும் அது தூக்கிட்டுப் போயிரும்லா."

வகுப்பே சிரித்தது. கில்டு, கில்டு என்று எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொன்னதில் கான்ஸ்டபிள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். டொனால்டுக்கு வியர்த்தது. இனிமேல் கொலை வேண்டாம், கொடுப்பதைப் பற்றிச் சொல்வோம் என்று பலகையை அழித்து, ராமன் பூவைக் கொடுத்தான், பூ ராமனால் கொடுக்கப்பட்டது என்று எழுதினான். அப்போதும் யாருக்கும் பிடிபடவில்லை. இருக்கிற வாக்கியம் நன்றாகத்தானே இருக்கிறது, அதை எதற்குத் தலைகீழாக நிறுத்த வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

என் கண் படியின் மேல் போனது. "தம்பி, இது உபயந்தானே?" என்றேன்.

"என்னாக்கா?"

"மணி, உபயம் இன்னார். வெளக்கு, உபயம் இன்னார். பொருள் முன்னாடி, குடுத்தவன் பின்னாடி. நம்ம கோயில் முழுக்க நீ சொல்ற பாஸிவ்தான எழுதி வெச்சிருக்கு. பைன்னா உபயம்."

டொனால்ட் சாக்குக்கட்டியை எடுத்துப் பெரிதாக எழுதினான்: த ஸ்டெப் வாஸ் கிவன் பை மாயாண்டி. படி மாயாண்டியால் கொடுக்கப்பட்டது. கங்காணிக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இங்கிலீஷில் தன் பெயர்! அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மறுநாள் பிரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதுகூட நடுவில் 'பை மாயாண்டி' என்று ஒரு தடவை வந்துவிட்டது.

ஆனால் வெறும் உபயம் போதாது என்று பிறகு தெரிந்தது. நான் 'த பெல் வாஸ் கேவ்' என்றேன், தப்பு என்றான். வினைச்சொல்லுக்கு மூன்று உருவம் உண்டாம், பாஸிவுக்கு மூன்றாவதுதான் வேண்டுமாம், அதற்கு முன்னால் ஒரு வாஸோ இஸ்ஸோ நிற்க வேண்டுமாம். நேற்றுக் கொடுத்தது வாஸ் கிவன், தினமும் கொடுப்பது இஸ் கிவன். இதை மனப்பாடம் பண்ண எனக்கு நேரம் ஏது? மரம் வெட்டும்போதுதான். உளி பட்டையில் இறங்கும்போது கிவ், கோட்டில் இழுக்கும்போது கேவ், பால் பிடிக்கும் மங்கில் முதல் சொட்டு விழும்போது கிவன். அடுத்த மரத்துக்கு டேக், டுக், டேக்கன். அதற்கடுத்தது சீ, சா, சீன். வள்ளியம்மா பக்கத்து நிரையிலிருந்து கேட்டுவிட்டு, எனக்கு முனி பிடித்துவிட்டது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லப் போய்விட்டாள். அவளைத் திரும்ப அழைத்துவந்து அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. 'ஐ கேவ்' என்று முன்னால் நிமிர்ந்து நிற்கிற ஐ, திருப்பினால் வாக்கியத்தின் வாலுக்குப் போய் 'பை மீ' என்று சுருங்கிவிடுகிறது. "பை ஐன்னு சொன்னா என்னா கொறஞ்சி போவுது?" என்று கேட்டேன். "அக்கா, அது இங்கிலீஷ்காரன் சட்டம்" என்றான் டொனால்ட். ஊரில் உள்ள சட்டம் எல்லாம் அவன் சட்டம்தான், இதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் அவன் சொன்னான், பை இல்லாமலும் பாஸிவ் எழுதலாம் என்று. செய்தவன் யாரென்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம். தெரிந்தும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாலும் விட்டுவிடலாம்.

கங்காணிக்கு அது தாங்கவில்லை. "பேரு போடாத உபயமா? அப்டி எவன்யா குடுப்பான்?" என்று உரக்கக் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. மண்டபத்து மூலையில் அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கங்காணி துண்டை எடுத்து முகம் துடைத்தார்.

டொனால்ட் பேச்சை மாற்ற நினைத்து என்னையே கேட்டான், நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்கக்கா என்று. நான் யோசிக்கவே இல்லை.

"ஹி வாஸ் டேக்கன். ஹி வாஸ் கெப்ட். ஹி வாஸ் சென்ட்."

கொண்டுபோகப்பட்டார், வைக்கப்பட்டார், அனுப்பப்பட்டார். மூன்று வாக்கியம், ஒன்றிலும் பை இல்லை. அந்த அதிகாரி அன்று என் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவ்வளவு பேச்சிலும் 'நாங்கள் செய்கிறோம்' என்று ஒரு இடத்திலாவது சொல்லியிருப்பானா? மழை பெய்தது என்கிற மாதிரி சொல்லியிருப்பான். நாங்களும் மழையைத் திட்டுகிற மாதிரி விதியைத் திட்டிக்கொண்டு இருந்துவிட்டோம். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சம் அல்ல.

"கரெக்டுக்கா" என்றான் டொனால்ட் மெதுவாக. "போதும்."

"இன்னொண்ணு. ஹி வில் கம். இதத் திருப்பு பாப்போம்."

"இதத் திருப்ப முடியாதுக்கா. வர்றது, போறது, தூங்குறது எல்லாம் அவனவன் செய்றது. இன்னொருத்தரு மேல போய் விழாத வினைக்குப் பாஸிவ் கெடையாது."

அது எனக்குப் பிடித்திருந்தது.

திருவிழா நெருங்கியது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலிக் கதவில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் மரம் வெட்ட விடுவார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது, காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்விடுமாம். அப்படிப்பட்ட காலத்தில் கோயிலில் எல்லோருக்கும் சோறு ஆக்க அனுமதி வாங்குவது லேசில்லை. கங்காணி நடையாய் நடந்து வாங்கினார். ஆக்குவதெல்லாம் வேலிக்குள்ளேயே தின்று தீர்க்க வேண்டும், அதற்கு முதல்நாள் போலீஸ் துரை வந்து அரிசியையும் பாத்திரத்தையும் பார்ப்பார் என்று நிபந்தனை.

துரை ஜீப்பில் வந்தார். இளவயது, வெயிலில் சிவந்த கழுத்து. நாங்கள் பெண்கள் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி மண்டபத்துக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தோம். அவர் ஒரு தாம்பாளத்தை எடுத்து வெயிலில் சாய்த்து, இந்தப் புள்ளிகள் என்ன என்று கேட்டார். டொனால்ட் விளக்கினான். துரைக்கு வேடிக்கையாகிவிட்டது. செம்பைத் தொட்டு, இது யார்? கரண்டியைத் தொட்டு, இது யார்? டொனால்ட் படித்துப் படித்துச் சொன்னான். படி வரைக்கும் போய்க் கங்காணியின் பெயரைக் கேட்டதும் துரை சிரித்தார். கங்காணி கைகட்டிக் குனிந்து தானும் சிரித்தார்.

அப்புறம் அண்டா.

துரை அதைச் சுற்றி வந்தார். குனிந்து விளிம்பைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், பிரம்பால் தட்டினார். சிரிப்புப் போய்விட்டது. "இது யாருடையது?"

"யாரோ குடுத்தாங்க தொரை" என்றார் கங்காணி. டொனால்ட் அதை 'இட் வாஸ் கிவன்' என்றான்.

"பை ஹூம்?"

கங்காணி டொனால்டைப் பார்த்தார், டொனால்ட் கங்காணியைப் பார்த்தான். துரை சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். ஒரு கரண்டி கொடுத்தால்கூடப் பெயர் போடுகிற ஊரில் இவ்வளவு பெரிய பாத்திரம் மட்டும் தானாக நடந்து வந்ததா? இதில் எத்தனை பேருக்குச் சோறு ஆக்கலாம்? கொடுத்தவன் பெயரை மறைக்க என்ன காரணம்? காட்டில் இருக்கிறவன் கொடுத்ததா, இல்லை காட்டில் இருக்கிறவனுக்கு ஆக்குவதா? பாத்திரத்தை ஜீப்பில் ஏற்று. இதற்குப் பொறுப்பான ஆளும் ஏறட்டும். உண்மை தெரிகிற வரைக்கும் திருவிழா கிடையாது.

இவ்வளவையும் நான் நேரடியாகக் கேட்டேன். டொனால்ட் தமிழில் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், அட, எல்லாம் புரிகிறதே பஞ்சாலை உனக்கு, என்று ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கங்காணி என்னை ஒரு தடவை பார்த்தார். உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். பயந்தாங்கொள்ளி என்று நான் அவரைப் பேசாத பேச்சில்லை. ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்க அவர் வாய் திறக்கவில்லை. அந்த மனுஷனை என் அண்டாவுக்காக ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. கையில் இருந்த புளியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போனேன்.

"சார். ஐ கேவ் இட்."

துரை திரும்பினார். நீ யார் என்றார். பஞ்சாலை, மரம் வெட்டுகிறவள் என்றேன் இங்கிலீஷிலேயே. ஏன் பெயர் இல்லை என்றார்.

"மை ஹஸ்பண்ட் ப்ராமிஸ்டு. ஐ பாட். வீ கேவ்." அவர் வாக்குக் கொடுத்தார், நான் வாங்கினேன், நாங்கள் கொடுத்தோம்.

"உன் கணவன் எங்கே?"

"இந்தியாவில். யூ டுக் ஹிம், சார். நீங்கள் கொண்டுபோனீர்கள். யூ கெப்ட் ஹிம். யூ சென்ட் ஹிம்."

துரை என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்டார்.

"நேம்?"

கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும், அடையாளக் கார்டுக்குக் கேட்டாலும், பக்கத்தில் நிற்கிற வள்ளியம்மாதான் எனக்காகச் சொல்வாள். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான், யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. இப்போதும் வள்ளியம்மா வாயைத் திறந்துவிட்டாள். டொனால்டும் திறந்தான். நான் கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினேன். கோயில் கமிட்டி பயந்து மறைத்தது, நான் மரியாதை என்று மறைத்தேன். மொத்தத்தில் அந்தப் பெயரை இந்தத் தோட்டத்தில் யாருமே உரக்கச் சொல்லவில்லை. போலீசுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

"இராஜமாணிக்கம்" என்றேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. பின்னால் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. இப்படிப்பட்ட பெயருக்குச் சொந்தக்காரி நான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

துரை பிரம்பால் தன் பூட்சைத் தட்டிக்கொண்டு நின்றார். கங்காணி ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு துரை டொனால்டைப் பார்த்துப் பேசினார். அரிசியை அளந்து கான்ஸ்டபிள் முன்னால் போட வேண்டும், ஒரு பருக்கை வெளியே போகக்கூடாது. கிழவனை இறங்கச் சொல். இந்தப் பாத்திரத்தில் பெயரைப் போடுங்கள், அடுத்த தடவை நான் வரும்போது பெயர் இல்லாத சாமான் இங்கே இருக்கக்கூடாது. டொனால்ட் அத்தனையையும் தமிழில் சொன்னான். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. விழுங்கியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

ஜீப் வேலிக் கதவைத் தாண்டியதும் கங்காணி தன் படியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம். குடித்து முடித்த பிறகு அவருக்கு உயிர் வந்தது, கூடவே தலைவர் பதவியும் திரும்பி வந்தது.

"சரி, தொரை உத்தரவு. பேர வெட்டிருவோம். உபயம் இராஜமாணிக்கம். அதுக்குக் கீழ பொடியா, மாயாண்டி கங்காணி முன்னிலையில்னு..."

"கங்காணியாரே, ஒங்களுக்குத்தான் ரெண்டு படி இருக்கே. ஜீப் ஏறுனீங்களே, அதுக்கு வேணும்னா மூணாம் படி நான் வாங்கித் தரேன்."

அவரும் சேர்ந்துதான் சிரித்தார். உபயம் வேண்டாம் என்றேன். செய்தவர்கள் முன்னால் நிற்கட்டும், பொருள் பின்னால் வரட்டும். டொனால்ட் ஆபீசிலிருந்து சுத்தியும் ஆணியும் கொண்டுவந்தான். யார் வெட்டுவது என்று கேட்டார்கள். மரப்பட்டையில் கோடு பிசகாமல் இழுக்கிற கைக்குப் பித்தளை என்ன பெரிய காரியம்? நானே வெட்டினேன். 'இராஜமாணிக்கமும் பஞ்சாலையும் கொடுத்தது.' வெயில் சாய்ந்து லயத்துக்குப் பின்னால் போகிற வரைக்கும் டங் டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.

வள்ளியம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். "இருந்தாலும் நீ வாயால சொல்லியிருக்கக் கூடாதுடி. அண்ணன் ஆயுசு என்னாவுறது?"

"அஞ்சு வருசமா யாருமே உரக்கச் சொல்லாம வெச்சிருந்தோமே, அதுல ஆயுசு கூடுச்சா?" என்றேன்.

அவள் அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்தாள், இருவரும் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தோம். பெயர் வேலிக் கதவைப் பார்த்து இருக்கும்படி நான் திருப்பி வைத்தேன். அங்கேதான் போலீஸ்காரர்கள் மாறி மாறி நிற்பார்கள்.

மறுநாள் விறகு நன்றாகப் பிடித்தது. புகை அண்டாவைச் சுற்றி ஏறியது. கங்காணி கரண்டியோடு வந்து நின்று எழுத்தைப் பார்த்தார்.

"அடுப்பு வாய்ப் பக்கமா வெச்சிட்டியேம்மா. கரி ஏறி பேரு மறஞ்சி போயிரும்."

"நான் தேய்ப்பேன்" என்றேன்.